அரியலூரில் சென்சார் யார்?

வருஷா வருஷம் ஜூன் 25 வந்தால் நம் பத்திரிகைகளுக்கு ஒரு சடங்கு உண்டு. எமர்ஜென்சி கட்டுரை! 2025-ல் ஐம்பது வருஷம் நிறைந்ததால் சடங்கு கொஞ்சம் தடபுடலாகவே நடந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் மத்திய அரசு ஜூன் 25-ஐ 'அரசியல் சாசனப் படுகொலை தினம்' என்று அறிவித்திருந்தது. (நம் ஊரில் ஒரு விஷயத்துக்கு 'தினம்' அறிவித்துவிட்டால், மீதி 364 நாளும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அர்த்தம்.)

இந்தக் கட்டுரைகளை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். நீங்களும் படித்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் அதே நாலைந்து கதைகள்தான். டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருக்கும் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகக் கரண்ட்டைப் பிடுங்கினார்கள். 'இண்டியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்தின் இடத்தை வெற்றாக விட்டது. சோ 'துக்ளக்' அட்டையைக் கறுப்பாக அச்சடித்தார். எம்.ஜி.ஆர். நடித்த பழைய 'சர்வாதிகாரி' படத்துக்கு விமர்சனம் போட்டார். கருணாநிதி 'முரசொலி'யில் ஒரு பட்டியல் வெளியிட்டார்.

கடைசிக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1976 ஜனவரி 31-ம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதுவரை மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் மூச்சு விட முடிந்தது. கலைத்த கையோடு மிசாவில் கைதுகள் தொடங்கின. யார் யார் கைது என்று எழுதக் கூடாது. சென்சார் அதிகாரி அடித்துவிடுவார். பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைக்கு 'முரசொலி'யில், அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்டவாரியாக ஒரு பெயர்ப் பட்டியல். அவ்வளவுதான். சென்சாருக்குத் தெரியாமல், சென்சாரின் கையெழுத்தோடு, கைதானவர்களின் பட்டியல் வெளியே வந்துவிட்டது!

கதையைச் சொல்லிவிட்டு எல்லாக் கட்டுரைகளும் கை தட்டுகின்றன. "என்ன சாமர்த்தியம் பாருங்க!"

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. இந்தச் சாமர்த்தியங்களையும் பேரேட்டில் எழுதிப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. 'முரசொலி' பட்டியல் ஒரு செய்தி. ராத்திரி போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போன மனுஷன் எங்கே என்று தெரியாத குடும்பத்துக்கும், ஊர்க் கட்சிக்காரனுக்கும் அதில் ஒரு தகவல் இருந்தது. 'சர்வாதிகாரி' விமர்சனத்தில் தகவல் எதுவும் இல்லை. நாட்டில் நடப்பது சர்வாதிகாரம் என்று ஏற்கனவே தெரிந்தவர் அதைப் படித்துச் சிரித்தார். தெரியாதவர், சோவுக்கு வேறு வேலையில்லை போலிருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டினார். சோவின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நாளில் அந்த அட்டையைப் போட ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். ஆனால் ஜாடையாகப் பேசுவதற்கு ஒரு எல்லை இருக்கிறது. புரிந்துகொள்ளக் கூடியவர்கள் ஏற்கனவே விஷயம் தெரிந்தவர்கள். சென்சார் யாரிடமிருந்து விஷயத்தை மறைக்க நினைத்ததோ, அவர்களுக்கு ஜாடை போய்ச் சேர்வதே இல்லை.

இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஏனென்றால் நமக்கு ஜாடை ரொம்பப் பிடிக்கும். பிடிப்பதற்குப் பரம்பரைக் காரணமும் உண்டு.

சென்னையிலிருந்து திருச்சி போகிற வழியில் பெரம்பலூர். அங்கே இடது பக்கம் திரும்பி, சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனால் அரியலூர். அதற்கும் கிழக்கே உடையார்பாளையம். இன்றைக்கு பெரம்பலூரும் அரியலூரும் தனித்தனி மாவட்டம். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. எமர்ஜென்சி காலத்தில் எல்லாமே திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள்.

அந்த உடையார்பாளையம் ஜமீனில்தான் கனம் கிருஷ்ணையர் ஆஸ்தான வித்வானாக இருந்தார். உ.வே.சாமிநாதையருக்கு உறவினர். உ.வே.சா.வின் அப்பாவுக்கு சங்கீத குரு. ('என் சரித்திரம்' 1940 முதல் 42 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, தமிழ் வாத்தியாரைத் தேடி அரியலூர், குன்னம், காரை, செங்கணம் என்று ஒரு சிறுவன் அலைந்த கதையைத் தமிழ்நாடே படித்தது.) கிருஷ்ணையர் பதங்கள் பாடினார். பதம் என்றால் என்ன? ஒரு நாயகி தன் நாயகனை நினைத்து ஏங்குவாள், கோபித்துக்கொள்வாள், தோழியிடம் முறையிடுவாள். அந்த நாயகன் சமயத்தில் சாமியாக இருப்பார், சமயத்தில் ஜமீன்தாராக இருப்பார். வித்வான் ஜமீன்தாரிடம் நேராகக் குறை சொன்னால் மரியாதை இல்லை. நாயகி சொன்னால் சங்கீதம்! ஜமீன்தாரும் ரசித்துத் தலையாட்டுவார்.

அழகான ஏற்பாடுதான். ஒரே ஒரு நிபந்தனை, கேட்கிற அதிகாரத்துக்கு ரசனை இருக்க வேண்டும். இன்னொன்று, குறை வித்வானுடைய சொந்தக் குறையாக இருக்க வேண்டும். ஜமீனில் வரி கட்ட முடியாமல் தவித்த குடியானவனின் குறைக்கு எந்த ராகமும் இல்லை.

சரி, 1976-க்கு வருவோம். அரியலூரில் ஒரு வாசகர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைக்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ. அவருக்குச் செய்தி எப்படிக் கிடைக்கும்? திருச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் தினசரி. ரேடியோ. ரேடியோ அரசாங்கத்தினுடையது. தினசரிக்குச் செய்தி தருகிற பி.டி.ஐ., யு.என்.ஐ. உள்ளிட்ட நாலு ஏஜென்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து 1976 பிப்ரவரியில் 'சமாச்சார்' என்று ஒரே குழாயாக்கிவிட்டார்கள். வெற்றிடம் விட்டுப் பத்திரிகை போடக் கூடாது என்றும் உத்தரவு வந்தாயிற்று. ஆக, பேப்பரில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதுகூட நம் வாத்தியாருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளை அடித்து நொறுக்கினார்கள். ஸ்டாலின் மேல் விழுந்த அடிகளைத் தாங்கிக்கொண்டவர் என்று சொல்லப்படும் சிட்டிபாபு 1977-ல் இறந்தே போனார். அந்த வருஷம் மார்ச்சில் எமர்ஜென்சி விலக்கப்பட்ட பிறகு நீதிபதி இஸ்மாயில் விசாரணை நடத்திய பின்தான் அதெல்லாம் அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. அதுவரை அரியலூருக்கு அது வதந்தி.

சரி, வதந்தியைக் கேட்டு நம் வாத்தியாருக்கு ரோஷம் வந்து, ஒரு துண்டு நோட்டீஸ் போடலாம் என்று கிளம்புகிறார். அவரை யார் தடுப்பார்கள்? சென்சார் ஆபீஸ் அரியலூரில் கிடையாது. டெல்லி உத்தரவுகளை அவர் படித்திருக்கவே மாட்டார்.

தடுப்பவர் அச்சகக்காரர்.

பழைய அச்சகங்களை நீங்கள் பார்த்திருந்தால் ஞாபகம் இருக்கும். ஒரு டிரெடில் மெஷின். மரக் கட்டங்களில் ஈய எழுத்துகள். கம்போசிட்டர் ஒருத்தர் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பொறுக்கி அடுக்குவார். அவருக்குக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, கோயில் கும்பாபிஷேகம், சீட்டுக் கம்பெனி ரசீதுதான் பிழைப்பு. 1867-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டப்படி, அச்சடிக்கிற தாளில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருந்தாக வேண்டும். நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருக்குமே, அதேதான். எழுதியவன் பெயர் இல்லாமல் இருக்கலாம், அச்சடித்தவன் பெயர் இல்லாமல் முடியாது. ஏட்டையா நேரே எங்கே போவார் என்று அச்சகக்காரருக்குத் தெரியும். அதனால் கையெழுத்துப் பிரதியை முதலில் படிக்கிற சென்சார் அவர்தான். "இது வேணாங்க வாத்தியாரே, மெஷின் ரிப்பேர்" என்பார். முடிந்தது. உத்தரவு இல்லை, முத்திரை இல்லை, மேல்முறையீடும் இல்லை. பி.காம். பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாத செலவு. எந்த ஐந்தொகையிலும் வராது.

சென்னை எழுத்தாளர் ஏமாற்றுவதற்கு ஒரு அதிகாரி இருந்தார். அந்த அதிகாரியின் முட்டாள்தனத்தை வைத்து அரை நூற்றாண்டாக நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அரியலூரில் ஏமாற்றுவதற்கு யாரும் இல்லை. அச்சகக்காரர் முட்டாளும் இல்லை. அவர் வாத்தியாருக்குத் தெரிந்தவர், நல்லவர், பயந்தவர்.

எமர்ஜென்சி பற்றிய நம் எழுத்துகளில் இந்த ஆள் எங்கே? கட்சிக்காரர்களின் சிறை அனுபவங்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. சிட்டிபாபுவின் டைரியே புத்தகமாக வந்தது. அவையெல்லாம் தேவைதான். ஆனால் சிறைக்குப் போனவனின் வீரம் நமக்குக் கிடைத்த அளவுக்கு, சிறைக்குப் போகாதவனின் மௌனம் கிடைக்கவில்லை. அசோகமித்திரன் 1984-ல் எழுதிய 'இன்று' நாவலில் அந்தக் காலத்தின் நிழல் விழுகிறது. கோஷம் இல்லாமல், சாதாரண மனுஷர்களின் குழப்பத்தோடு. அது மாதிரி இன்னும் பத்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபத்தொரு மாத சர்வாதிகாரத்தை ஒரு தமிழ்ச் சிற்றூர் எப்படி வாழ்ந்து கடந்தது என்று கேட்டால், எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு நாவல் இல்லை.

ஒருவேளை சிற்றூருக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லையோ? எனக்கு அந்தச் சந்தேகம் பலமாக உண்டு. ஏனென்றால் அங்கே சென்சார் 1975-ல் ஆரம்பிக்கவில்லை.

1954. நடிகவேள் எம்.ஆர்.ராதா 'இராமாயணம்' நாடகத்தைத் திருச்சியில் போட்டார். ராதா போட்ட ராமாயணம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பு கிளம்பியது. அந்த வருஷமே சென்னை மாகாணத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று புதிதாக ஒன்றைக் கொண்டு வந்தார்கள். வெள்ளைக்காரன் 1876-ல் போட்ட நாடகத் தடைச் சட்டம் போதாது என்று சுதந்திர நாட்டில் நாமே செய்த சட்டம்! முதலமைச்சர் காமராஜர். எமர்ஜென்சி இல்லை, மிசா இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட நல்ல ஆட்சி. ராதா அசரவில்லை. இந்தப் பெயரில் தடை என்றால் வேறு பெயரில் போட்டார். ஜாடை பேசத் தெரியாத ஆள். அதனாலேயே அவர் கதை எமர்ஜென்சி சாமர்த்தியக் கதைகளைவிட எனக்கு ஒசத்தி.

ஆனால் எல்லாரும் ராதா இல்லையே. அந்தச் சட்டம் எந்த ஆட்சி வந்தும் போகவில்லை. அண்ணா நாடகம் எழுதியவர், கருணாநிதி நாடகம் எழுதியவர், எம்.ஜி.ஆர். நாடக மேடையில் வளர்ந்தவர். நாடகத்தால் ஆட்சிக்கு வந்த மூன்று பேரும் நாடகத் தடைச் சட்டத்தை ஒழிக்கவில்லை! பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தூக்கியது. 59 வருஷம். இதில் எமர்ஜென்சியின் பங்கு இரண்டு வருஷம்கூட இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் பங்குனி, சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போட நினைத்த இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். அந்தச் சட்டம் போலீஸுக்குக் கொடுத்த தைரியம் எவ்வளவு, பையன்களுக்குக் கொடுத்த பயம் எவ்வளவு? ஸ்டேஷனில் கையைக் கட்டி நின்று, "கதை என்னடா?" என்று கேட்கும் எஸ்.ஐ.க்குப் பதில் சொல்ல வேண்டும். அவருக்குப் பதில் சொல்லக் கூடிய கதையைத்தான் அப்புறம் எழுதவே தோன்றும். வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் நம் ஊர்களில் இவ்வளவு காலம் நின்று ஆடியதற்கு பக்தி மட்டும்தான் காரணமா?

'ஜனநாயகம்தானே நடக்குது, கோர்ட் இருக்கே' என்பீர்கள். இருக்கிறதுதான். 1987-ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. நாடே கொந்தளித்தது. சில நாட்களிலேயே விட வேண்டி வந்தது. 1994-ல் உயர் நீதிமன்றம் கைது தவறு என்று சொல்லி 1000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அதே 1994-ல் நக்கீரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்டோ சங்கர் சுயசரிதையை வெளியிடுவதற்கு முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றது. பெரிய தீர்ப்புகள். அவர் விகடன் ஆசிரியர், இவர் நக்கீரன் ஆசிரியர் என்பதைக் கவனியுங்கள். பின்னால் லட்சக்கணக்கில் வாசகர்கள், வக்கீல்கள்.

2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்தது வேறு மாதிரி. பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலை 2010-ல் எழுதியவர். நாலு வருஷம் கழித்து திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். அரசாங்கம் புத்தகத்தைத் தடை செய்ததா? இல்லை. எழுத்தாளரைக் கைது செய்ததா? இல்லவே இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு 'அமைதிப் பேச்சுவார்த்தை'க்குக் கூப்பிட்டது. ஒரு பக்கம் கோபக்காரர்கள், ஒரு பக்கம் எழுத்தாளர், நடுவில் வருவாய் அதிகாரி. வாய்க்கால் தகராறு மாதிரி ஒரு நாவலை உட்கார வைத்துப் பஞ்சாயத்து! கடைசியில் எழுத்தாளர் மன்னிப்பும் வாபஸும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டே நாளில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று தானே அறிவித்தார். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, எழுதுங்கள் என்று சொன்ன பிறகுதான் உயிர்த்தெழுந்தார்.

டெல்லி சென்சாரைவிட இந்த அமைதிப் பேச்சுவார்த்தை பயங்கரமானது என்பது என் கட்சி. சென்சார் அடித்த வரியை நகல் எடுத்து வைக்கலாம், பின்னால் விசாரணை கமிஷன் முன் காட்டலாம். இங்கே எழுத்தாளர் 'தாமாக முன்வந்து' எழுதிக் கொடுத்த தாள்தான் இருக்கும். அரியலூர் அச்சகக்காரர் சொன்ன "மெஷின் ரிப்பேர்"தான் இது. இந்தத் தடவை சொன்னது அரசாங்க ஆபீஸ்.

பெருமாள்முருகனுக்காவது காலச்சுவடு இருந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. அதே வருஷம் அக்டோபரில் திருச்சி உறையூரில் கோவன் என்ற பாடகரை நள்ளிரவில் வீடு தேடி வந்து பிடித்தார்கள். டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடினார். ராஜத் துரோக வழக்கு! பறையடித்துப் பாடுகிறவர் மேல் 124-ஏ. எமர்ஜென்சியைப் பார்த்தவர்கள்கூட, பாட்டுக்கு இந்தப் பிரிவா என்று அசந்து போனார்கள். எழுத்து மேல் காட்டும் மரியாதையில் பாதியைக்கூட அதிகாரம் பாட்டு மேல் காட்டுவதில்லை. புத்தகம் விற்பது ஆயிரம் பிரதி. பாட்டு டீக்கடையில் ஏறிவிடும். எது ஆபத்து என்று போலீஸுக்கு நம் விமர்சகர்களைவிட நன்றாகத் தெரிகிறது.

அந்த 1867 சட்டம் ஒருவழியாகப் போய்விட்டது. 2023-ல் புதுச் சட்டம் வந்து 2024 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. டிரெடில் மெஷின்கள் எடைக்குப் போய்விட்டன. இப்போது ஃபிளெக்ஸ் கடை. அங்கேயும் கம்ப்யூட்டர் முன் ஒரு பையன் நீங்கள் கொடுக்கிற வாசகத்தைப் படித்துவிட்டு, "ஸார், ஸ்டேஷன் பர்மிஷன் இருக்கா?" என்கிறான்.

அடுத்த முறை பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் திருவிழா நேரத்தில் போனால் மேடை நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கோயில் விழாவில் ஆடல் பாடல் நடத்த, ஸ்டேஷனில் அனுமதி கிடைக்காமல் உயர் நீதிமன்றம் வரை போய் உத்தரவு வாங்குகிறார்கள். உத்தரவு நிபந்தனைகளோடு வரும். ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது. சரி, நியாயம். அதோடு, எந்த அரசியல் கட்சி பற்றியும் சாதி பற்றியும் பாட்டோ வசனமோ கூடாது, மீறினால் போலீஸ் நிகழ்ச்சியை நிறுத்தலாம் என்ற நிபந்தனையும் வரும். விழாக் கமிட்டி சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறது. ராதாவின் 'இராமாயணம்' இந்த நிபந்தனைகளோடு எத்தனை நிமிஷம் ஓடும் என்று கணக்குப் போட்டேன். திரை தூக்குகிற நேரத்தைச் சேர்த்தால் ஒரு மூன்று நிமிஷம் தேறும்.